கை படாத வைத்தியம்

கம்ப்ரசர் என்பது ஒரு நாயின் பெயர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கம்ப்ரசருக்கு எதற்கு எக்ஸ்ரே எடுத்தார்கள் என்று யாராவது குழம்பக்கூடும். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கு போட்டுப் பிழைக்கும் நாச்சிமுத்துவுக்கு அந்தக் குட்டியைக் கொடுத்தவர், போர்வெல் வண்டி வைத்திருக்கும் பங்காளி ஒருவர். உடம்பெல்லாம் சடை. வெயில் ஏறிவிட்டால் அது இளைக்கிற இளைப்பு, போர் போடும் வண்டியில் கம்ப்ரசர் ஓடுகிற மாதிரியே இருந்ததால் வேறு பெயர் யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கம்ப்ரசர் ஒருநாள் காலையில் முன்னங்காலை ஊன்றாமல் நொண்டிக்கொண்டு வந்தது. நாச்சிமுத்து காலைப் பிடித்துப் பார்க்கப் போனார், பல்லைக் காட்டியது. அன்றைக்கென்று பார்த்து, பெங்களூரில் வேலையாக இருக்கும் மகள் யுவஸ்ரீ போன் பண்ணினாள். மனுசன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நாய் நொண்டுகிறது என்று சொல்லி வைத்தார். அவள் அங்கே இருந்தபடியே செல்போனைத் தட்டி, சேலத்தில் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டாள்.

"அப்பா, உள்ளூர்ல யாருகிட்டயும் காட்டிப் போடாதீங்க. இது பெரிய எடம். ஸ்டார் எல்லாம் நெறையாக் குடுத்திருக்காங்க."

ஏற்காட்டு மலைப்பாதை ஏறுவதற்கு முன்னால், கொண்டப்பநாயக்கன்பட்டியில் நின்றது அந்தப் பெரிய இடம். 'ஜீவபிம்பம் செல்லப்பிராணிகள் உயர்நிலை ஸ்கேன் மருத்துவமனை' என்று வெள்ளி எழுத்தில் போட்டு, அதற்குக் கீழே 'கை படாத நோயறிதல்' என்று எழுதியிருந்தார்கள். வாசலில் குலை தள்ளிய வாழை மரம் கட்டியிருந்தது. கல்யாண மண்டபத்துக்குள் வந்துவிட்டோமோ என்று நாச்சிமுத்து தயங்கியபோது, காவலாளி, சாயங்காலம் புது மெஷின் திறப்பு விழா என்று விளக்கம் சொல்லி உள்ளே விட்டான்.

உள்ளே குளுகுளு என்று இருந்தது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பிரீத்தி என்ற பெண் மைக்கில் கூப்பிட்டாள்.

"கம்ப்ரசரோட அப்பா வாங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. நாச்சிமுத்துவும் மற்றவர்களோடு சேர்ந்து, எந்தப் பாவிப்பயல் வரவில்லை என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"சார், உங்களத்தான். நீங்கதானே கம்ப்ரசரோட அப்பா?"

"இல்லீங்க. நானு நாய்க்குச் சொந்தக்காரனுங்க."

"எங்க ஆஸ்பத்திரியில அப்படி ஒருத்தர் கிடையாது சார். அப்பா, அம்மா மட்டும்தான் உள்ளே வரலாம். மத்தவங்க வெளியே உட்காரணும்."

வெளியே வெயில் கொளுத்தியது. நாச்சிமுத்து அப்பாவாகிக்கொண்டார்.

பிரீத்தி கம்ப்யூட்டரில் 'நா. கம்ப்ரசர்' என்று பெயர் பதிந்தாள். அதற்குப் பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்டாள். தனக்கு உண்டு என்றார். டக் டக் என்று தட்டினாள். ரத்தக் கொதிப்பு? அது பொன்னாத்தாளுக்கு இருக்கிறது, அவள் தன் சம்சாரம் என்றார். 'தாய் வழியில் ரத்தக் கொதிப்பு' என்று சொல்லிக்கொண்டே தட்டினாள்.

"தாத்தா எதனால இறந்தார்?"

"ஆரோட தாத்தாங்க?"

"கம்ப்ரசரோட தாத்தா. அதாவது, உங்க அப்பா."

"மாரடைப்புங்க."

பிரீத்தி உச்சுக் கொட்டினாள். மேஜைக்கு மேலாக எட்டி, மூன்று காலில் நின்றுகொண்டிருந்த கம்ப்ரசரைப் பார்த்த பார்வையில் நிஜமான துக்கம் இருந்தது. "பாவம், எல்லாப் பக்கமும் வில்லங்கமா இருக்கே!" என்றாள்.

"அம்மிணி, அதுக்குக் காலுதானுங்க நோவு. முன்னங்காலு. சித்த ஆராச்சும் காலைத் தூக்கிப் பாத்துட்டீங்கன்னா…"

"இங்கே யாரும் தொடமாட்டாங்க சார். பார்க்கறது எல்லாம் மெஷின்தான்."

அது அந்த ஆஸ்பத்திரியின் சட்டம். கம்பவுண்டர் முதல் தலைமை டாக்டர் வரை யாரும் பிராணியின் மேல் விரல்கூட வைக்கக் கூடாது. தொட்டுப் பார்ப்பது, தடவிப் பார்ப்பது, வாயைப் பிளந்து பார்ப்பது எல்லாம் பட்டிக்காட்டு வைத்தியம் என்று அங்கே முடிவு செய்யப்பட்டிருந்தது. எக்ஸ்ரே எடுக்கும் கௌசிக் என்ற பையன் ஒரு நீளக் குச்சியின் நுனியில் பிஸ்கட் செருகிக்கொண்டு வந்தான். கம்ப்ரசர் பிஸ்கட்டைத் தொடர்ந்து நொண்டி நொண்டிப் போய்த் தானாகவே மேடைமேல் ஏறிப் படுத்தது. தாத்தாவுக்கு மாரடைப்பு என்பதால் நெஞ்சை முதலில் எடுத்தார்கள். ரத்தக் கொதிப்பு அம்மாவை உத்தேசித்துக் கழுத்தை எடுத்தார்கள். அப்பாவின் சர்க்கரைக்காக வயிற்றுக்கு எழுதினார்கள். கால், வரிசையில் கடைசி என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வரிசை வருவதற்குள், கூடத்தில் படுத்திருந்த கம்ப்ரசர் தன் பாதத்தை நக்கி நக்கி, பல்லால் கடித்து இழுத்து, ஒரு கருவேல முள்ளைத் தரையில் துப்பியது. எழுந்து நின்று உடம்பை உதறியது. நாலு காலையும் ஊன்றிப் பிரீத்தியின் மேஜை வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தது. நாச்சிமுத்துவுக்கு வாயெல்லாம் பல். முள்ளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஓடினார்.

"அம்மிணி, முள்ளுங்க! அதாவே எடுத்துப் போட்டுருச்சு. அப்ப நாங்க போயிட்டு வாரமுங்க."

பிரீத்தி முள்ளைப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டி, நொண்டல் தீர்ந்தது என்று பதிந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நொண்டல் விஷயம் முடிஞ்சது சார். ஆனா கழுத்துப் படத்துல வேற ஒன்னு வந்திருக்கு. சேர்மனே உங்ககிட்டப் பேசணும்னு சொல்றார்."

அந்தச் சேர்மன், டாக்டர் தீனதயாளன். அவருடைய அறைக்குள் பிராணிகளுக்கு அனுமதி இல்லை என்பதால் கம்ப்ரசரைக் கூடத்தில் கட்டிவிட்டு நாச்சிமுத்து மட்டும் உள்ளே போனார். சுவர் முழுக்க எலும்புப் படங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். சிலவற்றுக்குச் சந்தன மாலை போட்டிருந்தது. ஏன் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. டாக்டரின் வெள்ளைக் கோட்டில் ஒரு ரோமம் ஒட்டியிருக்கவில்லை. கால்நடை டாக்டர் என்று சொன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டியிருக்கும். பக்கத்தில் கௌசிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"மனசைத் திடப்படுத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு, டாக்டர் விளக்குப் பலகையில் படத்தைச் செருகினார். கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று, சுண்டு விரல் நுனி அளவுக்கு ஓர் உருளை தெரிந்தது. "உருளை வடிவ உலோகம். தொண்டைக் குழாயில சிக்கியிருக்கு."

நாச்சிமுத்து எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தார். அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார்.

"அட கெரகமே, இது தாயத்துங்க! மாரியம்மன் நோம்பிக்கு வேட்டுப் போட்டாங்கள்ல, அதுல பயந்துபோயி ராவெல்லாம் ஊளையிட்டுக்கிட்டுக் கெடந்துது. எங்க ஊட்டுக்காரி பூசாரிகிட்ட மந்திரிச்சுக் கொண்டாந்து கறுப்புக் கயித்துல கட்டியுட்டா. சடைக்குள்ள கெடக்குதுங்க, வெளிய தெரியாது."

டாக்டர் தீனதயாளன் புன்னகை செய்தார். குழந்தைகளிடமும் விவசாயிகளிடமும் பேசுவதற்கென்று அவர் தனியாக ஒரு புன்னகை வைத்திருந்தார்.

"தாயத்தைக் கழுத்துக்கு வெளியே கட்டுவாங்களா, உள்ளேயா?"

"வெளியதானுங்க."

"படத்துல எங்கே இருக்கு?"

"கழுத்துலதானுங்க."

"கழுத்துக்கு உள்ளே. எக்ஸ்ரே உள்ளே இருக்கறதைத்தான் காட்டும். வெளியே இருக்கறதைக் காட்டறதுக்கு இவ்வளவு பெரிய மெஷின் எதுக்கு சார்? செல்போன் போதாதா?"

தனக்குப் பதில் தெரியாதபோது எதிராளியின் பேச்சு சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற நல்ல மனம் நாச்சிமுத்துவுக்கு. ஆனாலும் தாயத்து தாயத்துதானே.

"நாயைச் சித்த இங்க கொண்டாரச் சொல்லுங்க சாமி. சடையை ஒதுக்கிக் காட்டிப் போடறேன். தீந்துது."

"ஒதுக்கறதா? எதால?"

"கையாலதானுங்க."

சபையில் கெட்ட வார்த்தை விழுந்துவிட்டதைப் போல, கௌசிக் தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடித் திறந்தார். அதன் பிறகு அவர் பேசியது மருத்துவம் படிக்க நினைப்பவர்கள் எல்லாரும் கேட்க வேண்டிய பேச்சு.

"இந்த ஆஸ்பத்திரி திறந்த நாள் முதலா நான் ஒரு பிராணியைத் தொட்டது கிடையாது. பெருமையாச் சொல்றேன். நாய் அசையும், குரைக்கும், மேலே மூத்திரம் போகும், கடிக்கும். படம் கடிக்காது. நோயாளின்னா அப்படி இருக்கணும். உங்க நாய் நல்லா நடக்குது, வாலை ஆட்டுதுன்னு பிரீத்தி சொன்னா. அது நாயோட கருத்து. நான் நாயோட கருத்தை வெச்சு வைத்தியம் பண்றதில்லை. நாய் ஏமாத்தும் சார், படம் ஏமாத்தாது."

இனிப் பேச்சில் பிரயோசனம் இல்லை என்று நாச்சிமுத்துவுக்குப் பட்டது. விறுவிறுவென்று கூடத்துக்குப் போனார். சடைக்குள் விரலை விட்டுக் கயிற்றை அவிழ்த்தார். தாயத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். டாக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

"இதானுங்க அது."

"இது வெளியே இருந்தது. அதை நாங்க மறுக்கலை. உள்ளே இருக்கறது வேற."

"ஒன்னுதானுங்க கட்டினது!"

"ஒன்னு கட்டினது உங்களுக்குத் தெரியும். ஒன்னை முழுங்கினது எங்களுக்குத் தெரியும். படத்துல இருக்கறதும் இதுவும் ஒரே மாதிரி இருக்கு பாருங்க. அப்போ இந்த நாய்க்குத் தாயத்து சுலபமாக் கிடைக்குதுன்னு ஆகுது. என் சந்தேகம் இப்போ உறுதியாயிடுச்சு."

தன் சாட்சியே தனக்கு எதிராகப் போய் உட்கார்ந்துகொண்டதை நாச்சிமுத்து வாயைப் பிளந்து பார்த்தார். இன்னொரு படம் எடுத்துப் பாருங்கள் என்று கெஞ்சினார். இங்கே இரண்டாவது படம் என்பது முதல் படம் சரி என்று உறுதிப்படுத்த மட்டும்தான் எடுக்கப்படும் என்று கௌசிக் விளக்கினான். உறுதிப்படுத்தத்தான் எடுங்களேன் என்றார் நாச்சிமுத்து. எடுத்தார்கள். கழுத்து சுத்தமாக இருந்தது. எலும்பைத் தவிர ஒன்றும் இல்லை.

நாச்சிமுத்து பெருமூச்சு விட்டார். டாக்டரின் முகம் இருண்டது.

"நகர்ந்துடுச்சு" என்றார்.

"இல்லீங்க சாமி, கழட்டிப் போட்டேன்ல? மொதல்ல எடுத்த படந்தான் தப்பாப் போச்சு."

"தப்பான படம்னு ஒன்னு உலகத்துலயே கிடையாது. எடுத்த நேரத்துல அதுதான் உண்மை. அப்புறம் உலோகம் நகர்ந்திருக்கு. எங்கே போச்சுன்னுதான் பார்க்கணும்."

பார்த்தார்கள். நெஞ்சு, வயிறு, இடுப்பு, வால் என்று மூக்கிலிருந்து கடைசி ரோமம் வரைக்கும் படம் பிடித்தார்கள். பலகை முழுக்கக் கம்ப்ரசரின் எலும்பு தொங்கியது. ஓர் இடத்திலும் உலோகம் இல்லை. வெளியே போய்விட்டதோ என்று கௌசிக் வாய் தவறிக் கேட்டுவிட்டான். டாக்டர் அவனைப் பார்த்த பார்வையில் அடுத்த மாதச் சம்பளம் ஆடியது. உலோகம் எங்கேயும் தெரியவில்லை என்றால் அது தெரியாத இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். தெரியாத இடத்தில் இருப்பதுதான் உயிருக்கு ஆபத்து. ஆகவே கழுத்திலிருந்து அடிவயிறு வரை திறந்து தேட வேண்டும் என்று முடிவாயிற்று. ராத்திரிக்குள் செய்துவிட வேண்டுமாம். அறுவைக்கு வெளியிலிருந்து ஒருவர் வருவார், அவர் மட்டும் தொடுவார். தொடுகிறவர் என்பதனாலேயே அவரை இந்த ஆஸ்பத்திரியின் டாக்டர் என்று சொல்லிக்கொள்வதில்லை என்றும் தீனதயாளன் தெளிவுபடுத்தினார்.

நாச்சிமுத்து கூடத்துக்கு ஓடினபோது கம்ப்ரசர் அங்கே இல்லை. கூடத்தின் கோடியில் இருந்த கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒருவன் நீளக் கம்பியில் கட்டிய மெஷினால், தள்ளி நின்றபடி, அதன் கழுத்துச் சடையை மழித்துக்கொண்டிருந்தான். பாதி மழித்த கழுத்தோடு கம்ப்ரசர் இவரைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தியது.

நாச்சிமுத்து இந்தப் பக்கமிருந்து கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். மகள் பெங்களூர் போன பிறகு கிழங்குக் காட்டில் அவர் பேசிக்கொண்டிருப்பதே அந்த நாயோடுதான். மழை பெய்யாதது, கிழங்கு விலை விழுந்தது, பொன்னாத்தாள் திட்டியது எல்லாவற்றையும் அது காதைத் தூக்கிக்கொண்டு கேட்கும். ஒரு முள்ளைக் காட்டக் கூட்டிக்கொண்டு வந்து, அதைக் கிழித்துப் போடுகிற இடத்தில் நிறுத்திவிட்டோமே என்று அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அம்மிணி, என்ற நாயைக் குடுத்துருங்க. எனக்கு வைத்தியமும் வேண்டா, ஒன்னும் வேண்டா. நான் போறேன்."

"ஒரு அப்பா பேசற பேச்சா சார் இது?" என்றாள் பிரீத்தி. கூடத்தில் நாய்களையும் பூனைகளையும் மடியில் வைத்திருந்த அப்பா அம்மாக்கள் எல்லாரும் திரும்பி, பெற்ற பிள்ளையைக் கிணற்றில் தள்ள வந்தவனைப் பார்ப்பதைப் போல அவரைப் பார்த்தார்கள். "நீங்க வேண்டாம்னு சொன்னா எடுபடாது. அட்மிட் ஆயாச்சு. அம்மாவோட சம்மதம் மட்டும்தான் பாக்கி. அவங்களை வரச் சொல்லுங்க."

போனில் விஷயத்தைக் கேட்ட பொன்னாத்தாள், "நாய்க்கு நான் அம்மாளா? நாக்கை அறுத்துப் போடுவேன்!" என்று முதலில் கத்தினாள். கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் கிழிப்பார்கள் என்று கேட்டதும் போனை வைத்துவிட்டாள். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பொழுது சாய்வதற்குள் வந்து இறங்கினாள். அதற்குள் கூடத்தில் நாற்காலிகள் போட்டு, நாதஸ்வர ரெக்கார்டு வைத்து, மேடையில் குத்துவிளக்கு நிறுத்தியிருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்ததை எல்லாம் நாச்சிமுத்து மூச்சு வாங்கச் சொன்னார். பொன்னாத்தாள் கேட்டுக்கொண்டே கண்ணாடிக்குள் கம்ப்ரசரைப் பார்த்தாள்; சுவர்ப் படங்களைப் பார்த்தாள்; குத்துவிளக்கைப் பார்த்தாள். டாக்டரின் அறைக்குப் போனதும் செருப்பை வாசலிலேயே விட்டாள்.

"சாமி, அந்த மிசினு எந்தப் பக்கமுங்க இருக்குது?"

டாக்டர் கையைக் காட்டினார். பொன்னாத்தாள் அந்தத் திசையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மொதப் படத்துல உள்ள இருந்துதுங்களா?"

"இருந்தது."

"பொறவு எடுத்ததுல இல்லீங்களா?"

"இல்லை."

"அப்ப ரெண்டு படத்துக்கும் எடையில வெளிய வந்திருச்சுங்க சாமி. உங்க மிசினுதான் இழுத்துப் போட்டிருக்குது. இவருக்கு என்னங்க தெரியும்? வெளிய வந்து சடைக்குள்ள மாட்டிக்கிட்டுக் கெடந்ததைப் பாத்துப்போட்டு, நான் கட்டுனதுன்னு நெனச்சுக்கிட்டாரு. நான் கட்டுனது எப்பவோ கயிறு அந்து உளுந்துருச்சு. அதைத்தான் நாய் முழுங்கியிருக்கோணும்."

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். பொன்னாத்தாள் அவர் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். மூடிக்கொண்டார்.

டாக்டர் தீனதயாளன் மேஜைமேல் கிடந்த தாயத்தைப் பார்த்தார். அவருடைய கண் கலங்குவதைக் கௌசிக் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தான். தன் மெஷின் தன்னைவிடப் பெரியது என்று சந்தேகித்திருந்த மனிதருக்கு, அது நிரூபணமாகிவிட்டது.

"கதிர்வீச்சு மூலம் உலோக வெளியேற்றம்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு எழுந்து நின்று சொன்னார். "கத்தி இல்லாம, ரத்தம் இல்லாம! கௌசிக், இடுக்கி கொண்டு வா. இதை விழா மேடையில வைக்கணும்."

வெளியே வந்ததும் நாச்சிமுத்து கிசுகிசுத்தார். "ஏன்டி இப்பிடிப் பச்சையாப் புளுகுன?"

"பூசாரிகிட்டயும் இப்படித்தான் பேசோணும். அவரு சொன்னது பலிச்சுதுன்னு நாம ஒத்துக்கலீன்னா, நம்மள ஊட்டுக்குப் போகத் தாட்டி உடமாட்டாரு" என்றாள் பொன்னாத்தாள். "அந்தப் பூசாரியாச்சும் நாயைத் தொட்டு நீவி உட்டாரு."

விழா தொடங்கியது. தாயத்தைச் சிவப்புப் பட்டுமேல் வைத்து, கண்ணாடிக் கிண்ணத்தால் மூடி, மேஜை நடுவில் வைத்திருந்தார்கள். தீனதயாளன் மைக்கைப் பிடித்தார். புது மெஷின் இன்னும் திறக்கப்படவில்லை, பழைய மெஷினே இந்த அற்புதத்தைச் செய்துவிட்டது. அப்படியானால் புதியது என்னென்ன செய்யும் என்பதைத் தமக்கே தெரியாது என்றார். கைதட்டல் எழுந்தது. நோய் இல்லாத பிராணி என்று ஒன்று இல்லை, இன்னும் படம் எடுக்கப்படாத பிராணிகள்தான் இருக்கின்றன என்றார். அதற்கும் தட்டினார்கள். இந்த மகிழ்ச்சியான நாளை முன்னிட்டு, இன்று வருகிற எல்லாப் பிராணிகளுக்கும் இலவசப் படம் என்று அறிவித்தார். வாசல் பக்கம் சலசலப்பு உண்டாயிற்று.

"இப்போது கம்ப்ரசரின் தந்தை பேசுவார்."

நாச்சிமுத்துவை மேடையில் ஏற்றினார்கள். தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது. மேடைக்குப் பக்கத்தில் கௌசிக், கழுத்து மழித்த கம்ப்ரசரின் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றான். பேசி முடித்த பிறகுதான் கயிறு கைமாறும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். நாச்சிமுத்து கூட்டத்தைப் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தொண்டை வரைக்கும் வந்தது. கயிற்றைப் பார்த்தார். உண்மை திரும்பி உள்ளே போய்விட்டது.

"நல்லாப் பாக்கறாங்க" என்றார் மைக்கில். டாக்டர் இன்னும் எதையோ எதிர்பார்ப்பது தெரிந்தது. "உள்ள இருந்ததை எடுத்துப் போட்டாங்க. எல்லாரும் தாராளமாக் கூட்டிட்டு வாங்க."

கைதட்டல் அடங்குவதற்குள் கயிறு அவர் கைக்கு வந்தது. கம்ப்ரசர் அவர் முழங்கால்மேல் தாவி ஏறி, பொன்னாடையை நகத்தால் கிழித்தது. அவர் அதைக் கட்டிக்கொண்டார். நாய் உயிரோடு கிடைத்த சந்தோஷமும், வாயிலிருந்து வந்த வார்த்தையின் நாற்றமும் அவருக்கு ஒரே நேரத்தில் தெரிந்தன. இரண்டையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

வாசலில் இலவசப் படத்துக்கு வரிசை சேர்ந்துவிட்டிருந்தது. முதல் ஆளாக நின்றவள் வாழப்பாடிப் பக்கத்துக் கந்தம்மாள். பக்கத்துத் தெருவில் உறவுக்காரர் வீட்டுக்குக் குட்டியோடு வந்த இடத்தில், மைக்கில் இலவசம் என்று கேட்டு ஓடி வந்தவள். அதைப் பக்கத்தில் நின்றவளிடம் அவளே சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஓர் ஆட்டுக்குட்டியைக் குழந்தை மாதிரி வைத்திருந்தாள். அது தழை கடிக்காமல் இருக்கிறதாம். கழுத்தில் பளபளவென்று ஒரு வெண்கல மணி கட்டியிருந்தது. குட்டியின் தாடைக்குக் கீழே, ரோமத்துக்குள் பாதி புதைந்து கிடந்தது.

நாச்சிமுத்து நின்றுவிட்டார்.

"பேசாம வாங்க. நமக்கெதுக்கு? பஸ்ஸு போயிரும்" என்று பொன்னாத்தாள் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவரால் போக முடியவில்லை. கம்ப்ரசரை அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வரிசைக்குப் போனார். ஆட்டுக்குட்டியின் கழுத்தில் கை வைத்து, முடிச்சை அவிழ்த்து, மணியை எடுத்துக் கந்தம்மாளின் கையில் திணித்தார்.

"ஏனுங்க, இதை மடியில கட்டிக்கிட்டு ஊட்டுக்குப் போயிருங்க. உள்ள போவாதீங்க. இந்த மணியைப் பாத்தாங்கன்னா வயித்தைக் கிழிச்சுப் போடுவாங்க."

கந்தம்மாள் குட்டியை மறுபக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஏங்க, என்னா பண்றீங்க? யாரு என்னான்னு இல்லாம ஆட்டு மேல கை வெக்கறீங்க?"

"சொன்னாக் கேளுங்க தாயி. இவுங்க தொட்டுப் பாக்கமாட்டாங்க. படத்துல மணி தெரிஞ்சா முழுங்கிருச்சும்பாங்க. என்ற நாய்க்கு அப்படித்தான் பண்ணுனாங்க. தாயத்து வெளியதான் கெடந்துது, சத்தியமாச் சொல்றேன்."

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். தோளில் கிடந்த கிழிந்த பொன்னாடையைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"இப்பத்தானே மைக்குல நீங்களே சொன்னீங்க, உள்ள இருந்ததை எடுத்துப் போட்டாங்க, எல்லாரும் வாங்கன்னு? அத நம்பித்தானே நான் நிக்கறேன்? உங்க நாய் பொழைச்சுது, நீங்க கௌம்பிட்டீங்க. என் குட்டி பொழைக்கறது உங்களுக்குப் பொறுக்கலையா? நல்ல மனுசன்யா!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மைக்கில் சொன்னது பொய், இப்போது சொல்வதுதான் நிஜம் என்று நாச்சிமுத்து சொன்னார். அது காதில் விழுந்தவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். காவலாளி வந்து அவருடைய முழங்கையைப் பிடித்தான்.

கந்தம்மாள் குட்டியைக் கீழே இறக்கி, மணியை அதன் கழுத்தில் பழையபடி கட்டினாள். மறுபடியும் யாரும் அவிழ்த்துவிடாதபடி, கயிற்றில் இன்னொரு முடிச்சும் போட்டு இறுக்கிக்கொண்டு, உள்ளே போனாள்.